பொய் அளவு

என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. காலையில் புதுப் புடவைக்குத் தைத்து வந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தால், ஹூக்கு ஒரு இடத்திலும் அது மாட்டவேண்டிய நூல் வளையம் இன்னொரு இடத்திலும் இருந்தன. ஆறு ஹூக்கு, ஆறு வளையம். பாகப்பிரிவினை முடிந்த பங்காளிகள் மாதிரி ஒன்றை ஒன்று பார்க்காமல் நின்றன. மேலே மாட்டினால் கீழே துருத்தியது, கீழே மாட்டினால் மேலே வாய் பிளந்தது. கடைசியில் நாலு ஊக்கைக் குத்திக்கொண்டு, வைகாசி வெயிலில் முந்தானையை இழுத்துப் போர்த்தி, உத்திரமேரூர் மண்டபத்தில் குளிர் ஜுரம் வந்தவள் போல உட்கார்ந்திருந்தேன். தைத்தவள் எங்கள் அடுத்த வீட்டுத் திலகா. சாலவாக்கம் ரோட்டில் இருக்கிற எங்கள் தெருவுக்குப் பதினெட்டு வருஷமாக அவள்தான் டைலர். யாருக்கு எந்தத் தோள் இறக்கம், யார் பிள்ளை பெற்ற பிறகு எத்தனை இன்ச் ஏறினாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். அத்தனை விஷயம் கையில் இருந்தும் பேசாத ஒரு பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அன்று சாயங்காலத்துக்குள் ஜாக்கெட் விஷயத்தைப் பதினோரு பேரிடம் சொல்லிவிட்டேன். போனில் சீரியல் பார்த்துக்கொண்டே தைக்கிறாள் என்றேன். கண் போய்விட்டது, கண்ணாடி போட வெட்கப்படுகிறாள் என்றும் சொன்னேன். இரண்டும் என் ஊகம்தான், ஆனால் ஊகம் என்று சொல்லிச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. மறுநாள் சண்டை போடுவதற்கென்றே ஜாக்கெட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முன்பக்கத் தகர ஷெட்டில் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, முதல் வாக்கியத்தை மனசுக்குள் கூர் தீட்டிக்கொண்டிருந்தேன். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. ஏழாவது தடவை நூல் விரலை விட்டு நழுவி மடியில் விழுந்தது. அது விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. வெறும் விரல்களை ஒட்டி வைத்துக்கொண்டு எட்டாவது தடவையாகக் கோத்தாள்.

என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். "வெரலு என் பேச்சக் கேக்க மாட்டுதுக்கா," என்றாள்.

நான் ஜாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு அவ்வப்போது தெரிந்துகொண்டே இருந்தது. நான் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது மார்பளவுச் சுவர், என் துணிக்கொடி அதை ஒட்டித்தான் கட்டியிருக்கிறது, என் வீட்டில் துணி கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். திலகா டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தாள். புருஷன் ஜெகனின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறவள், இப்போது தன் ஹூக்குக்கே மகள் இளமதியைக் கூப்பிட்டாள். நடை மாறியது. காலை அகட்டி, பஞ்சு மெத்தைமேல் நடப்பவள் போல ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தாள். வாலாஜாபாத் பக்கம் சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் ஜெகன் அழைத்துப் போனார். அவர் எண்ணெய் போட்டுக் கழுத்தை ஒரு திருப்புத் திருப்பினார், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவளால் சோறு பிசைய முடியவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து வரும்போது இடது கால் செருப்பு கழன்று ரோட்டிலேயே கிடந்தது. தார் கொதிக்கிற மத்தியானத்தில் ஒற்றைச் செருப்போடு வீடு வரைக்கும் நடந்து வந்துவிட்டாள். செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் நான்தான் சொன்னேன். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள், அது வேறு யாருடைய காலோ என்கிற மாதிரி. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்களா பயப்படுவார்களா என்று எனக்கே பிடிபடவில்லை.

ஜெகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த ஆட்டோவிலேயே பஸ் நிலையம் போய், அங்கிருந்து பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பெயர் தமிழ்வாணன். இன்னது என்று ஜெகன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு விளக்கிய விதத்தில், கழுத்தில் பாலம் கட்டப்போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். திலகா சொன்னபோதுதான் புரிந்தது.

"பாவாடைக்கு நாடா கோக்கிற குழா கீதுல்லக்கா. அந்தக் குழாக்குள்ள ஓரத்துத் துணி எலும்பு கணக்கா வெறச்சி, உள்ளாற பொடச்சிக்கினா நாடா இன்னாவும். நசுங்கிப்பூடும்ல. என் கழுத்துல நரம்பு அப்டித்தான் மாட்டிக்கினு கீதாம்."

முதுகெலும்பை உள்பக்கமாகக் கட்டி நிறுத்துகிற தசைநார் ஒன்று உண்டாம். அது ஏனோ எலும்பாகிக்கொண்டே வருகிறதாம். தைத்ததாலா என்று இவள் கேட்டதற்கு, இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். விட்டால் கையும் காலும் படிப்படியாகப் போகும், ஒரு தரம் வழுக்கி விழுந்தால் ஒரே நாளில்கூடப் போகும். ஆபரேஷன் பண்ணவேண்டும். அதற்கு இரண்டு வழி. பின்கழுத்தைத் திறந்து நரம்பு பின்பக்கம் நகர்ந்துகொள்ள இடம் விடுவது ஒன்று. முன்பக்கமாக, தொண்டைக்கு ஓரமாகப் போய், அந்த எலும்பையே எடுப்பது இன்னொன்று. முன்வழி கொஞ்சம் கஷ்டமான வேலை. எந்த வழி என்பது கழுத்து எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்தது, நிமிர்ந்து நின்றால் பின்வழி. அடுத்த செவ்வாய்க்கிழமை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

தொண்டை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வாலாஜாபாத் சொக்கம்மாள் ஞாபகம் வந்தாள். சின்னம்மா வழியில் எனக்கு உறவு, ரைஸ் மில்லுக்குப் பின் தெரு. அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்து, அப்புறம் வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் காற்று போகிற சத்தம்தான் வந்தது. திலகா வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து, அவளுக்காக முருங்கைக்கீரை உருவிக்கொடுத்தபடி, இதை நான் முழு நீளத்துக்குச் சொன்னேன். அந்தச் சத்தத்தையும் செய்து காட்டினேன். திலகாவின் கை தொண்டைக்குப் போனது. நல்லது செய்கிறோம் என்ற நிறைவில் எனக்கு ஒரு யோசனையும் தோன்றியது. கழுத்து நேராக நின்றால்தானே பின்வழி. அப்படியானால் எக்ஸ்ரே எடுக்கும்போது நல்லா நிமிர்ந்து நின்றுவிட்டால் தொண்டைப் பக்கம் கத்தி வராதே.

"தேர்ல நிக்கிற அம்மன் கணக்கா நில்லுடி. மோவாயத் தூக்கு, கழுத்தப் பின்னால தள்ளு. எண்ணி ரெண்டு நிமிசம். அதுக்கப்பால நீ எப்டி வேணா நின்னுக்க," என்றேன்.

ஆறு நாள் பயிற்சி நடந்தது. ஷெட்டுத் தூணில் கண்ணாடியை மாட்டி அதன் முன்னால் அவள் நிற்பாள். நான் துணி உலர்த்தியபடியே சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து, இன்னும் கொஞ்சம், தோளைத் தூக்காதே, இப்பத்தான் சரி என்று மார்க் போடுவேன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நிற்கும், நெற்றியில் வேர்வை கட்டும். பத்து எண்ணுவதற்குள் முதலில் மடங்கிவிழுந்த தலை, ஆறாம் நாள் அறுபதுவரை நின்றது. இரண்டு பேருக்கும் அதில் பெருமைதான்.

செவ்வாய்க்கிழமை இளமதிக்கு ஒரகடத்துக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. நான் கூடப் போனேன். கூப்பிடாமல்தான் போனேன். எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணின் சட்டையில் சோபியா என்று எழுதியிருந்தது. கதவு இடுக்கு வழியாகத் தெரிந்த வரைக்கும் திலகா அசல் அம்மனாகவே நின்றாள். அந்தப் பெண் நல்ல மாதிரி, இரண்டு தடவை சொன்னாள், விறைக்காதீங்கம்மா, வீட்டில் நிக்கிற மாதிரி சும்மா நில்லுங்க என்று. வூட்லயும் நான் இப்டித்தாம்மா நிப்பேன் என்றாள் திலகா. பதினெட்டு வருஷத்தில் அவள் வாயால் ஒரு பொய் கேட்டது அதுதான் முதல் தடவை. மோசமில்லாமல் சொன்னாள்.

டாக்டர் தமிழ்வாணன் படத்தைத் திரையில் போட்டு அளவுகோல் மாதிரி ஒரு கோடு இழுத்தார். வளைவு நன்றாக இருக்கிறது என்றார். கழுத்து இப்படி லேசாகப் பின்னால் வளைந்திருந்தால் பின்வழியே போதும், இடம் விட்டால் நரம்பு பின்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். முன்னால் கவிழ்ந்த கழுத்தாக இருந்தால் பின்பக்கம் எவ்வளவுதான் திறந்துவிட்டாலும் நரம்பு அந்த எலும்பின்மேல் ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஆபரேஷன் பண்ணியும் கை பெரிதாகத் தேறாது, உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்றார். ஜெகன் கையெடுத்துக் கும்பிட்டார். திலகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டாக்டர் விரலில் மோதிரம் இருக்கிறதா, கல்யாணமாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்ததில், அந்த வாக்கியம் காதோடு நின்றுவிட்டது. பதிமூன்று நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். வெளியே வந்து மூவரும் பூரி சாப்பிட்டோம். திலகாவுக்குப் பிய்க்க வரவில்லை, நான்தான் பிய்த்து வைத்தேன்.

மூன்று நாள் கழித்து, கொடியில் போர்வையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் கவிழ்ந்த கழுத்தைப் பற்றி டாக்டர் சொன்ன அந்த வாக்கியம் எனக்குள் இறங்கியது. திலகா ஷெட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. அறுப்புக்கு நிற்கிற கதிர் மாதிரி தலை முன்னால் தொங்கியது. தோளுக்கும் தலைக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கீரைக்காரி வாசலில் குரல் கொடுத்தாள். உடனே தலை நிமிர்ந்தது, பழகின பழக்கம். அவள் போனதும் மறுபடி விழுந்தது. அன்று முழுக்க நான் துவைத்த துணியையே துவைத்து, உலர்ந்ததை நனைத்து, மறுபடி உலர்த்தினேன். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு நிமிஷம்கூட அவள் கழுத்து அந்த எக்ஸ்ரேயில் நின்ற மாதிரி நிற்கவில்லை.

ஸ்கேனும்தான் எடுத்திருக்கிறார்களே, படித்தவர்களுக்குத் தெரியாதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஸ்கேன் படுத்திருக்கும்போது எடுத்தது என்பதும் உடனே ஞாபகம் வந்தது. மல்லாந்து படுத்தால் யார் கழுத்துதான் பின்னால் சாயாது. ஆபரேஷன் நடக்கும், பின்கழுத்தில் இத்தனை நீளத்துக்குத் தழும்பு வரும், கை மட்டும் திரும்பாது, ஏன் திரும்பவில்லை என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஜெகனிடம் சொல்லலாம். சொன்னால் இந்த யோசனையைக் கொடுத்தது யார் என்று கேட்பார். என்னிடம் ஒரு சேதி வந்து மறுநாள் வரைக்கும் தங்கியது கிடையாது. இது எட்டு நாள் தங்கியது. பேச்சுக்கு நடுவில் நான் சும்மா இருப்பதைப் பார்த்து, தெருவில் எனக்குச் சர்க்கரை என்று பேசிக்கொண்டார்களாம்.

சனிக்கிழமை ஒரு சாக்கும் இல்லாமலே திலகா வீட்டுக்குப் போனேன். பின் தெருச் செவ்வந்தி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். திலகாவால் தைக்க முடியாது, ஆனால் வாடிக்கையை விட மனசில்லாமல், தானே அளவெடுத்து இளமதியை எழுதச் சொல்லி, உத்திரமேரூர் பஜாரில் தெரிந்த டைலரிடம் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செவ்வந்தி வயிற்றை உள்ளே இழுத்து, நெஞ்சைத் தூக்கி, மூச்சைப் பிடித்து நின்றாள். அளவு என்றதும் எல்லாரும் நிற்கிற நிற்புதான். இன்ச் டேப் திலகாவின் கையிலிருந்து இரண்டு தரம் நழுவியது. அவள் அவசரப்படவில்லை. டேப்பைத் தளர்வாகச் சுற்றிவிட்டு, உங்க மாமியாரு இப்ப எப்டிக்கா கீறாங்க என்று கேட்டாள். செவ்வந்தி, அந்தக் கதைய ஏன் கேக்கற என்று ஆரம்பித்த கணத்தில் வயிறு தன் இடத்துக்கு வந்தது, தோள் இறங்கியது, உடம்பு உடம்பாக நின்றது. திலகா பாதி மடங்கிய இரண்டு விரலால் டேப்பை இழுத்து, முப்பத்தெட்டரை என்றாள்.

செவ்வந்தி போகிற வரைக்கும் நான் பொறுத்தேன். இளமதி நோட்டோடு உள்ளே போனாள்.

"உன் அளவ எடுத்தப்ப யாரும் மாமியாரப் பத்திக் கேக்கலியேடி," என்றேன்.

திலகா டேப்பைச் சுருட்ட முயன்றாள். அது சுருளவில்லை. "தெரியும்க்கா," என்றாள். "பொய் அளவு குடுத்துட்டு வந்துகீறேன்னு அன்னிக்கே தெரியும். பொய் அளவுக்குத் தெச்சா எது ஒடம்புல ஒக்காரும்."

"தெரிஞ்சிக்கினு ஏன்டி சும்மா கீற."

"பயந்தான். கை போச்சின்னா வாய வெச்சாவது பொழச்சிக்கலாம். அளவு சொல்லலாம், வெட்டச் சொல்லலாம். கையும் தேறாம சொக்கம்மா மாதிரி பேச்சும் பூட்ச்சின்னா, நான் இந்த வூட்ல இன்னா, பொம்மையா."

அதுவரைக்கும் அவள் எதற்கும் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் அழவில்லை. நான் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்கு வரவில்லை. உண்மைதான் வந்தது. சொக்கம்மாளுக்கு நடந்தது இந்த ஆபரேஷனே இல்லை, அது தைராய்டுக் கட்டி. குரல் போனது இரண்டு மாசம்தான். போன மாசம் ரேஷன் கடையில் அவள் போட்ட சத்தத்தில் எடை போடுகிறவர் பாமாயில் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டார். இதெல்லாம் அன்றைக்கும் எனக்குத் தெரியும். குரல் திரும்பியதைச் சொன்னால் கதை சப்பென்று ஆகிவிடும் என்று வாலை வெட்டிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, எந்தக் கதையையும் நான் அப்படித்தான் சொல்வேன், வெட்டின கை எனக்கே தெரியாது.

திலகா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "திங்கக்கெழம நீங்களும் வாங்கக்கா," என்றாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டாக்டர் அறையில் நான் முதலில் வாயைத் திறந்தேன். சார், அந்தப் படத்தில் இருப்பது இவள் கழுத்து இல்லை, நான் சொல்லிக்கொடுத்த கழுத்து என்றேன். ஜெகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, சாதாரணமா எப்படி இருப்பாங்க என்று கேட்டார். அதற்கு என்னிடம் சாட்சி இருந்தது. அது இருப்பது திலகாவுக்குத் தெரியாது. வளைகாப்புக்கு முந்தின வாரம், என் ஜாக்கெட்டைத் தைக்கிறாளா இல்லையா என்று பார்க்கப் போய், துணிக்கொடிக்குப் பின்னாலிருந்து போனில் ஒரு வீடியோ எடுத்து, அரக்கோணத்தில் இருக்கிற என் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். அனுப்பியதோடு அழித்திருக்கலாம். அழிக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் போனை அப்படியே நீட்டினேன். திரையில் திலகா மெஷின்மேல் கவிழ்ந்து தைத்தாள். பின்னணியில் என் குரல் சிரிப்போடு வந்தது. பாருடி, எங்க தெரு டைலரு, குப்ப கெளர்ற கோழி கணக்கா கழுத்தத் தொங்கப் போட்டுக்கினு கீறா, இவ தெச்சா நான் போட்டுக்கினு போறதா இல்ல கோழிக்குப் போடறதா. நாற்பது நொடி. அதில் அவள் எழுந்து நின்று தண்ணீர் குடிப்பதும் இருந்தது, அப்போதும் தலை அப்படியேதான். டாக்டர் அதை மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் என் குரல் கோழியில் ஆரம்பித்துக் கோழியில் முடிந்தது. எனக்குக் காதுமடல் எரிந்தது.

"அக்கா கொரலு நல்லா தெளிவா கீது சார்," என்றாள் திலகா.

டாக்டர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயைத் திரும்ப எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை சோபியா அவசரப்பட்டுக் கதவைச் சாத்தவில்லை, நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திலகா போய் நின்றாள். கழுத்து தானாக மேலே போயிற்று. இறக்குங்கம்மா என்றாள் சோபியா. இறக்கப் பார்த்தாள், முடியவில்லை. யாராவது பார்த்தால் நிமிர்கிற பழக்கத்தை ஆறு நாளில் அவ்வளவு நன்றாக ஏற்றி வைத்திருந்தேன். பயந்த குதிரை மாதிரித் தலை மேலேயே நின்றது. உள்ளே போய் ஏதாவது சொல்லலாமா என்று கால் துடித்தது, ஜெகன் கையைக் குறுக்கே நீட்டினார். திலகா கண்ணை மூடிக்கொண்டாள். வலது பாதம் சிமெண்டுத் தரையில் மெதுவாக முன்னும் பின்னும் மிதிக்க ஆரம்பித்தது. மெஷின் இல்லை, துணி இல்லை, பாதம் மட்டும் சீராக ஓட்டியது. ஒரு ஜாக்கெட்டுக்கு ஓரம் அடிக்கிற நேரம் ஆகியிருக்கும். தோள் இறங்கியது, பிறகு கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் விழுந்தது. பாதம் நின்றது. நேரா பாருங்கம்மா என்றபோது கண்ணை மட்டும் உயர்த்தினாள். கழுத்து கூட வரவில்லை.

முன்வழிதான் என்றார் டாக்டர். பழைய கோட்டுக்குப் பக்கத்தில் புதுக் கோட்டை இழுத்துக் காட்டினார். பழையதில் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்ற எலும்பு, புதியதில் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றது. முன்வழி நேரம் பிடிக்கும், ஆபத்தும் கூட, ஆனால் இந்தக் கழுத்துக்குப் பலன் என்று ஒன்று கிடைத்தால் அந்த வழியில்தான் கிடைக்கும் என்றார். கை திரும்புமா என்று ஜெகன் கேட்டார். இதற்குமேல் மோசமாகாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை, தேறுவது எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன் என்றார். குரலைப் பற்றித் திலகாவே கேட்டாள். சிலருக்குக் கொஞ்ச நாள் கரகரப்பு இருக்கும், பெரும்பாலும் சரியாகிவிடும், எல்லாருக்கும் என்று நான் உறுதி கொடுக்கமாட்டேன் என்றார். வாலை வெட்டாமல் சொல்கிற மனிதர்.

ஆபரேஷன் தேதி வியாழக்கிழமைக்கு மாறியது. இளமதி சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று வந்துவிட்டாள். அன்று காலை பார்வையாளர் நேரத்தில் நான் போனபோது வார்டு வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் திலகா. பக்கத்துக் கட்டில்காரிகள், அவர்களுக்குத் துணை வந்தவர்கள், நர்ஸ் ஒருத்தி, எல்லாரும் சுற்றி நின்றார்கள். திலகா பேசிக்கொண்டிருந்தாள். காலையில் கண் விழித்ததிலிருந்து இப்படித்தான் பெரிம்மா, நிறுத்தவே மாட்டேங்கிறாங்க என்று இளமதி என் காதில் சொன்னாள். அவள் முகம் வெளுத்திருந்தது. தெருவில் யாருக்கு எந்தத் தோள் இறக்கம், யார் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னாள், எந்தப் பெரிய மனுஷி அளவு ஜாக்கெட் என்று தங்கையுடையதைக் கொடுத்துவிட்டு இறுக்குகிறது என்று சண்டைக்கு வந்தாள், பதினெட்டு வருஷத்தையும் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். அதில் பாதி எனக்கே புதுசு.

"இதோ வந்துட்டாங்க பாருங்க, கோழிய எடுத்த வீடியோக்காரம்மா," என்றாள் என்னைக் கண்டதும். வார்டே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். படுக்க வைத்தபோதும் அவள் நிறுத்தவில்லை. நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க நின்றாள், அந்த நிசப்தம் யாருக்கும் பிடிக்கவில்லை. அவளுக்கே பிடிக்கவில்லை, உடனே என் வளைகாப்பு ஜாக்கெட் கதையை ஆரம்பித்தாள். வண்டி நடைவழியில் நகர்ந்தது. ஜெகன் ஒரு பக்கம், இளமதி ஒரு பக்கம், நான் பின்னால். டாக்டர் காலையிலேயே வந்து வெட்டவேண்டிய இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டுப் போயிருந்தார். தொண்டைக்குப் பக்கத்தில், மடிப்பை ஒட்டி, இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு ஊதாக் கோடு. அவள் ஒவ்வொரு வார்த்தை சொல்லும்போதும் அந்தக் கோடு ஏறி இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.